பெரியப்பாவின் தீர்த்தமும் சித்தியின் தாகமும்

இந்த வயதிலும் யாராவது என் எதிரில் ‘தீர்த்தம்’ என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. போன வாரம் கோயிலில் அர்ச்சகர் உத்தரிணியை நீட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்குப் பின்னால் வரிசை நெளிகிறது, நான் கையை நீட்டவில்லை. “மாமி, தீர்த்தம்” என்றார். “எந்தத் தீர்த்தம்?” என்று கேட்டுவிட்டேன். சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? கிழவிக்குக் காது மந்தம் என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னான்.

உங்களில் என் வயசுக்காரர்கள், அதுவும் மயிலாப்பூரில் சித்திரகுளத்தைச் சுற்றி வளர்ந்தவர்கள், இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை குட்டு வாங்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் குடிக்கிற தண்ணீரும் தீர்த்தம்தான். பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆன தண்ணீரும் தீர்த்தம். குளம் தீர்த்தம். குளம் இருக்கிற ஊரும் தீர்த்தம். ஊர் ஊராகப் போனால் அது தீர்த்த யாத்திரை. மடத்துச் சுவாமி வந்தால் அவர் காலைக் கழுவின தண்ணீர் ஸ்ரீபாத தீர்த்தம். அதையும் மூன்று தரம் குடித்தாக வேண்டும். நான் ஒரு தடவை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த் துப்பிவிட்டேன். துப்பினது துளசி மாடத்தில். அதற்குத் தனியாக ஒரு நாள் முழுக்கத் திட்டு விழுந்தது.

என் அப்பாவுக்கு அப்போது பெல்லாரியில் வேலை. அங்கே பெண்களுக்குச் சரியான பள்ளிக்கூடம் இல்லை என்று என்னை மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் நான்கு பெரியவர்கள். சமஸ்கிருத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா. பெரியம்மா எப்போதோ போய்விட்டாள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை. அவள் விதவை, வீட்டின் மடிக்கெல்லாம் அவள்தான் அதிகாரி. சித்தப்பா, கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வீட்டில் அவருக்கு வாய் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. அப்புறம் அவர் மனைவி, என் சித்தி. பத்தொன்பது வயதுதான் இருக்கும். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டு, பின்னல் நுனியை என் மூக்கில் விட்டுத் தும்ம வைத்துச் சிரிப்பாள்.

அந்த வருஷம் பெரியப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. குளத்தங்கரைப் பக்கம் ஒரு வக்கீல் தன் வீட்டு மாடி ஹாலைச் சாயங்கால உபன்யாசங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே ‘தீர்த்தம்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்குள்ள அத்தனை அர்த்தத்தையும் வைகாசி முழுக்கச் சொல்லி முடிப்பது என்று தீர்மானித்தார். ஒரு சொல்லுக்கு ஒரு மாதம்! மாசி மாதமே வீட்டில் ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது. கேட்பதற்கு ஆள் வேண்டுமே, நான் அகப்பட்டேன்.

“தீர்த்தம்னா மொதல்ல என்ன அர்த்தம், சொல்லு பார்ப்போம்?”

“ஜலம்.”

“அசடு. தாண்டற எடம். ஆத்துல எந்த எடத்துல எறங்கினா அக்கரைக்குப் போகலாமோ, அந்தத் துறைக்குப் பேர் தீர்த்தம். அப்பறம்தான் ஜலம், குளம் எல்லாம். தாண்ட வைக்கறதுனால குரு தீர்த்தம், சாஸ்திரம் தீர்த்தம், உபாயம் தீர்த்தம், தானம் வாங்க யோக்யதை இருக்கறவன் தீர்த்தம், ராஜாவோட மந்திரி தீர்த்தம்...”

மந்திரி எப்படித் தண்ணீர் ஆனார் என்று கேட்டேன். குட்டு விழுந்தது. பிறகு என் வலது கையை விரித்துப் பிடித்து, விரல் நுனி தேவ தீர்த்தம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பித்ரு தீர்த்தம், கட்டை விரல் அடியில் பிரும்ம தீர்த்தம் என்று எழுதுகோலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எந்த இடத்தின் வழியாக விட்ட தண்ணீர் யாருக்குப் போகும் என்பதை நான் ஒப்பிக்க வேண்டும். ஒரு சின்னக் கையில் இவ்வளவு பேர் குடியிருந்தால் நான் அப்பளம் எதால் சாப்பிடுவது என்று எனக்கு அழுகையாக வந்தது.

மாசி மகத்தன்று ஊரே கடற்கரையில் இருந்தது. பெருமாளெல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருளியிருந்தார்கள். அத்தை என் தலையைப் பிடித்து மூன்று தரம் அலையில் அமுக்கினாள். மூக்கில், காதில், கண்ணில் உப்பு. “இன்னிக்கு சமுத்திரம் தீர்த்தம்டி, முங்கு, முங்கு” என்றாள். அடுத்த மாதம் பெரியப்பாவுக்குக் காற்று வாங்க ஆசை வந்து, எங்களை ஜட்காவில் அதே கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் போன வேகத்தில் காலை நனைத்துவிட்டேன். அவ்வளவுதான், அத்தை என் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள். பர்வ காலம் இல்லாதபோது கடலைத் தொடக்கூடாதாம்! வீட்டுக்குப் போய்த் தலைமுழுக வேண்டுமாம்!

ஜட்கா ஓட்டி வந்தவர் சைதாப்பேட்டை பாய். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “இன்னா சாமி, கொயந்த காலை நனைச்சதுக்கா இந்த அடி? போன மாசம் ஊரே வந்து முங்கிச்சே. அதே தண்ணிதானே கீது?”

“அன்னிக்கு அது தீர்த்தம், பாய். இன்னிக்கு அது சமுத்திரம்” என்றார் பெரியப்பா, மிகவும் பொறுமையாக.

பாய் கடலைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். “சரி சாமி, ஏறுங்க” என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறேன். சிரிப்பு இல்லாத பகுதிக்கு வருகிறேன்.

சித்திக்குச் சித்திரைக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்குத் தாயார் இல்லை. அதனால் பிரசவத்துக்குப் போகப் பிறந்தகம் இல்லை. எங்கள் வீட்டிலேயே கொல்லைக்கட்டில், விறகு அறைக்குப் பக்கத்து அறையில் பெற்றாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஒரு கண்ணாடி ஓடு, அதன் வழியாக மத்தியானத்தில் ஒரு சதுர வெயில் விழும். அந்தச் சதுரம் குழந்தையின் முகத்துக்கு வரும்போதெல்லாம் சித்தி பாயை நகர்த்துவாள். சாம்பிராணிப் புகை, வசம்பு, புளித்த பால், ஈரத் துணி, இந்த நான்கு வாசனையும் சேர்ந்து இன்றும் எங்கேயாவது வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

பதினோராம் நாள் புண்யாகவாசனம் ஆயிற்று. வாத்தியார் வந்து மந்திரம் சொல்லி, மாவிலையால் வீடெங்கும் தீர்த்தம் தெளித்தார். வீட்டுக்குத் தீட்டுப் போயிற்று. சித்திக்குப் போகவில்லை. பெண் குழந்தை பெற்றவள் நாற்பது நாள் சமையலறைப் பக்கம் வரக்கூடாது, கிணற்றைத் தொடக்கூடாது, தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. யாராவது கொண்டுவந்து விட்டால் உண்டு. அந்த யாராவது அத்தைதான். அத்தைக்கோ இன்னொரு சட்டமும் இருந்தது: பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் சீதளம், ஜன்னி, தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கு மாந்தம். தாகம் என்றால் வெற்றிலை மெல்லலாம். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் சுக்குக் கஷாயம் ஒரு பாலாடை, காலையும் மாலையும்.

அக்கினி நட்சத்திரத்தில், மதராஸ் பட்டணத்தில், குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு ஒரு பாலாடைக் கஷாயம்!

வைகாசி பிறந்து சில நாளில் சித்திக்கு ஜுரம் கண்டது. சித்தப்பா வாயைத் திறந்த முதல் சமயம் அதுதான். எங்கேயோ போய் ஒரு லேடி டாக்டரை ரிக்ஷாவில் அழைத்து வந்தார். அந்த அம்மாள் சித்தியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மருந்து கொடுத்துவிட்டு, “தண்ணீர் நிறையக் கொடுங்கள். கொதிக்க வைத்து ஆறின தண்ணீர், எவ்வளவு குடித்தாலும் கொடுங்கள். அதுதான் முக்கியம்” என்றார். அத்தை, “ஆகட்டும்மா, ஆகட்டும்மா” என்று தலையை ஆட்டினாள். ரிக்ஷா தெருக்கோடி திரும்பியதும், டாக்டர் உட்கார்ந்த நாற்காலியில் தண்ணீரைக் கொட்டிக் கழுவினாள். நாற்காலிக்கு மட்டும் ஒரு தோண்டி ஜலம்.

“டாக்டர் சித்திக்குன்னா ஜலம் குடுக்கச் சொன்னா” என்றேன்.

“அவாளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவா. ஜன்னி கண்டா யார் பாத்துக்கறது? நான் ஏகாதசிக்கு ஏகாதசி ஒரு சொட்டு தீர்த்தம் இல்லாம இருக்கேன், எத்தனை வருஷமா. செத்தா போயிட்டேன்? தாகம் ஒண்ணும் பண்ணாதுடி.”

அவள் பதின்மூன்று வயதில் தாலியை இழந்தவள். அந்த வயதிலிருந்து ஏகாதசிக்கு எச்சிலை விழுங்கவும் யோசிக்கப் பழக்கியிருந்தார்கள். தாகம் ஒன்றும் பண்ணாது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நான் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். இருக்கவில்லை என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பெருமாளுக்கு வெள்ளி வட்டிலில் ஏலக்காய், பச்சைக் கற்பூரம், கிராம்பு போட்ட தீர்த்தம். தளிகைக்கு, அதாவது சமையலுக்கு, இரண்டு தவலை மடித் தீர்த்தம். பெரியப்பா தர்ப்பணத்துக்கு ஒரு சொம்பு. உபன்யாசத்துக்கு எடுத்துப்போக ஒரு திருகு கூஜா. மூடியைத் திருகும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். இது போதாதென்று சித்தப்பா போட்ட கார்ப்பரேஷன் குழாய் வேறு முற்றத்தில் இருந்தது. அதன் தண்ணீரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறதாம். மாட்டுத் தோலைத் தொட்டு வருகிற தண்ணீர் முற்றம் அலம்பத்தான் ஆகும் என்று தீர்ப்பு. சுவாமி அலமாரியில், ஈயம் வைத்து அடைத்த சின்னச் செம்புச் சொம்பு ஒன்று. பெரியப்பா காசிக்குப் போனபோது கொண்டுவந்த கங்கை. அவர் கண் மூடுகிற சமயம் வாயில் விடுவதற்கு.

மாடி ஹாலில் உபன்யாசம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. நானும் சில நாள் போனேன். அந்தச் சொல்லின் அர்த்தங்களைக் கோத்த ஒரு சுலோகத்தைப் பெரியப்பா ராகத்தோடு சொல்வார். ஒரு இடம் வந்ததும் அவருக்குத் தவறாமல் இருமல் வரும். கூஜாவைத் திருகி ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த அர்த்தத்துக்குத் தாவிவிடுவார். பல வருஷம் கழித்துக் கல்லூரியில் நான் சமஸ்கிருதம் எடுத்தேன். எங்கள் பேராசிரியரும் அதே சுலோகத்தில் அதே இடத்தில் இருமினார். அன்றைக்கே போய் என்னவென்று பார்த்தேன். பெண்களின் மாத விலக்கு என்று இருந்தது. அதுவும் தீர்த்தம் என்ற சொல்லுக்கு ஒரு அர்த்தமாம். எதற்காக ஒருத்தியை ஒதுக்கி, கிணற்றைத் தொடாதே என்கிறார்களோ, அதற்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள். வைத்துவிட்டு, அந்த இடம் வந்தால் இருமுகிறார்கள்.

கடைசி நாள் உபன்யாசத்துக்கு விஷயம் மானச தீர்த்தம். அதாவது சத்தியம் ஒரு தீர்த்தம், பொறுமை ஒரு தீர்த்தம், எல்லா உயிரிடமும் தயை ஒரு தீர்த்தம், மனசுக்குள்ளேயே முழுகலாம் என்று. அத்தையும் மத்தியானமே கிளம்பிவிட்டாள். பூர்த்தி நாள், பிரசாதத்துக்குக் கை வேண்டும். “சித்தியைப் பாத்துக்கோ. வாசக் கதவைத் தாப்பாள் போட்டுக்கோ. தெருவுக்குப் போகாதே. பள்ளிக்கூடத்துப் பாவாடையோட எதையும் தொட்டுத் தொலைக்காதே” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் சித்தி கூப்பிட்டாள். குரல் அவள் குரலாகவே இல்லை. உதடு வெடித்து, வாய் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. குழந்தை மார்பில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

“நாக்கு ஒட்டிண்டுடுத்துடி. கொஞ்சம் தீர்த்தம் குடேன். ஒன் அத்தை வரதுக்குள்ள குடிச்சுடறேன்.”

முதலில் குழாய்க்கு ஓடினேன். தோலாவது, வாஷராவது! திறந்தால் புஸ் என்று காற்று வந்தது. காலையிலும் அந்தியிலும்தான் தண்ணீர் விடுவார்கள். கிணற்றடிக்குப் போனேன். கோடையில் தண்ணீர் எங்கோ பாதாளத்தில் மின்னியது. தோண்டியும் கயிறும் மடி என்று அத்தை எனக்கு எட்டாத கொடியில் மாட்டிவைத்திருந்தாள். தளிகை உள்ளில் தவலை நிறைய இருந்தது. ஆனால் நான் விழுப்பு, மடி இல்லாதவள். நான் தொட்டால் அவ்வளவையும் கொட்டிவிடுவார்கள். கொட்டின கோபத்தில் சித்திக்கு ராத்திரிக் கஷாயமும் கிடைக்காது. வட்டிலில் இருந்தது பெருமாளுடையது.

அப்போதுதான் பெரியப்பா சொன்னது ஞாபகம் வந்தது. யார் தொட்டாலும், எங்கே வைத்தாலும், கங்கைக்குத் தீட்டு என்பதே கிடையாது. எத்தனை தரம் ஒப்பித்திருக்கிறேன்! ஒன்பது வயசுக்கு எனக்கு அது மிகச் சரியான வழியாகப் பட்டது. அந்த வீட்டில் இருந்த அத்தனை தண்ணீரிலும், பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு நான் தொடக்கூடிய தண்ணீர், பிள்ளை பெற்றவள் குடிக்கக்கூடிய தண்ணீர், அது ஒன்றுதான். முக்காலியைப் போட்டு ஏறிச் சொம்பை எடுத்தேன். அம்மிக் குழவியின் முனையால் ஈயத்தைத் தட்டினேன். சொம்பின் வாய் நெளிந்து திறந்துகொண்டது. இரண்டு வாய்த் தண்ணீர்கூட இல்லை. பச்சை வாடை அடித்தது. சித்தி என்ன ஏது என்று கேட்கவில்லை. கவிழ்த்துக்கொண்டாள், உள்ளே விரலை விட்டு வழித்து நக்கினாள்.

அத்தை எல்லாருக்கும் முந்தித் திரும்பினாள். முக்காலியைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், கொல்லைக்கட்டில் உருண்டு கிடந்த சொம்பைப் பார்த்தாள். “ஐயையோ! சாகறவா வாயில விடறதை உசுரோட இருக்கறவளுக்கு விட்டுட்டாளே, பாவி! நாள் குறிச்சுட்டாளே!” என்று வாயில் அடித்துக்கொண்டாள். கங்கையை வாயில் விட்டாயிற்று என்றால் அவள் போயாக வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. பக்கத்து வீட்டு மாமிகள் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமிகளும் வந்தார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்ததும் மற்றவர்களும் அழுதார்கள்.

லஸ் மூலையில் டிராமிலிருந்து இறங்கி வந்த சித்தப்பா வாசலில் கூட்டத்தைப் பார்த்தார். உள்ளே அழுகைச் சத்தம். ரேழித் தூணைப் பிடித்துக்கொண்டார். “எப்போ?” என்று கேட்டார். நான் சொல்வதற்குள் யாரோ என்னைத் தள்ளினார்கள். ஒருத்தியாவது, அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று அந்த மனுஷனுக்குச் சொன்னாளா? இல்லை. கங்கை, ஈயம், சொம்பு என்று ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே குழந்தை வீலென்று கத்தி, “ஓ ஓ” என்று சித்தி அதைச் சமாதானப்படுத்துகிற குரல் கேட்டபிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

பெரியப்பா கழுத்தில் மாலையோடு வந்து சேர்ந்தார். என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். “ஏண்டி தொட்டே?”

“கங்கைக்குத் தீட்டு இல்லேன்னு நீங்கதானே சொன்னேள்?”

அவர் என்னை அடிக்கவில்லை. மாலையைக் கழற்றிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். நான் சொன்னது சரிதான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சாஸ்திரம் தெரிந்தவர், சும்மா விட முடியுமா? தீட்டு தண்ணீருக்கு இல்லை, ஆனால் செம்புக்கு உண்டா? நெளிந்த சொம்பைப் புதுப்பிக்கலாமா, இன்னொரு தரம் காசிக்குப் போகவேண்டுமா? பிராயச்சித்தம் எடுத்துக் கொடுத்த எனக்கா, குடித்தவளுக்கா? அத்தை ஒன்று சொன்னாள். எதிர்வீட்டு மாமா வந்து இன்னொன்று சொன்னார். தண்ணீரைப் பற்றி இத்தனை பேச்சு நடக்கிறது, பத்தடி தூரத்தில் படுத்திருக்கிறவள் இன்னும் குடிக்கிறாளா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. “டாக்டர் ஜலம் குடுக்கச் சொன்னா” என்று நான் ஊஞ்சல் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். “சும்மா இருடி” என்றார்கள்.

கொல்லையில் ராட்டினம் கிறீச்சிட்டது.

எல்லாரும் திரும்பினோம். சித்தி கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். முடி அவிழ்ந்து தொங்கியது. அத்தையின் மடிக் கயிறு அவள் கையில் இருந்தது. இழுப்பாள், நிறுத்தி மூச்சு வாங்குவாள், மறுபடி இழுப்பாள். யாரும் கிட்டப் போகவில்லை. தோண்டி மேலே வந்ததும் அதைச் சுவரில் சாய்த்து, விளிம்பில் வாயை வைத்துக் குடித்தாள். கழுத்து வழியாக ரவிக்கையெல்லாம் நனைந்து ஓடியது. நிறுத்தவே இல்லை. கடைசியில் தோண்டியைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். ஒரு மாதம் தீர்த்தத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு வந்தவர், தயையே தீர்த்தம் என்று அன்று சாயங்காலம்தான் சபையைக் கண்கலங்க வைத்தவர், என்ன சொன்னார் தெரியுமா? “நாளைக்குக் கிணத்தை எறைச்சுடணும்” என்றார்.

இறைத்தார்கள். தவலைகளைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். கிணறு ஊறுகிற வரைக்கும் வீடு முழுக்கக் கார்ப்பரேஷன் தண்ணீரைக் குடித்தது. ஆபத்துக்குத் தோஷமில்லை என்று பெரியப்பாவே ஒரு வசனம் கண்டுபிடித்தார். தோல் வாஷரைத் தொட்டு வந்த தண்ணீரில் பெருமாளுக்குத் திருமஞ்சனமே நடந்தது. கிணறு தீட்டாகிவிட்டதால் இனி சித்தியிடமிருந்து காப்பாற்றி வைக்க எதுவும் மிச்சமில்லை. அவள் வேண்டிய மட்டும் குழாயில் பிடித்துக் குடித்தாள். ஜுரம் இறங்கியது. பால் ஊறியது. அத்தை அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

நான் இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! பெரியவளான பிறகும், எங்கேயாவது மனசு தளர்ந்தால், கயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற சித்தியை நினைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் தைரியம் என்று நான் பார்த்தது அது ஒன்றுதான். ஆடி மாதம் அந்தக் குழந்தை மாந்தம் வந்து இறந்துபோயிற்று. அந்தக் காலத்தில் எத்தனையோ குழந்தைகள் போயின. வீட்டில் யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லாமல் இருந்திருப்பார்களா என்று இப்போது யோசிக்கிறேன்.

சித்தப்பா பிறகு மாம்பலத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனார். சித்திக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பல வருஷம் கழித்து, மூத்த பிள்ளைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். மருமகளின் பெற்றோர் டில்லியில் இருந்தார்கள். பிரசவம் இங்கேயே ஆகியிருந்தது. வீட்டில் மொட்டைமாடித் தொட்டி, அறைக்கு அறை குழாய், மின்விசிறி, எல்லாம் இருந்தது. அந்தப் பெண் பின்னறையில் குழந்தையோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “கொஞ்சம் தண்ணி கெடைக்குமா அக்கா?” என்று ரகசியமாகக் கேட்டாள். அவள் உதட்டைப் பார்த்தேன்.

விடுவிடென்று சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு வந்தேன். வாசற்படியில் சித்தி நின்றாள்.

“பச்சை ஒடம்புக்காரிக்கு ஜலம் குடுக்கப்படாது. உள்ள கொண்டு வை.”

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! “நீயா சொல்றே? நீயா? கிணத்தடியில தோண்டியோட நின்னு குடிச்சியே, மறந்துடுத்தா ஒனக்கு?”

“குடிச்சேன்” என்றாள் சித்தி. குரலை உயர்த்தவில்லை. “ஒன்னோட கங்கையை நான் ஒண்ணும் சொல்லலை. ஒனக்கு அப்ப என்ன தெரியும்? நான் எழுந்து போய்க் குடிச்சேனே, அதைத்தான் சொல்றேன். ஆடியில எம் பொண்ணு எதனால போனா?”

“மாந்தம் சித்தி. ஊர்ல பாதிக் கொழந்தைகளுக்கு வந்தது.”

“ஊர்ல பாதி பொழைச்சுது. நாப்பது நாள் என்னால பொறுக்க முடியலை. நான் குடிச்சேன், அவ போனா.” குழந்தையின் பக்கம் கையைக் காட்டினாள். “இதாவது இருக்கட்டும்.”

என்னென்னமோ சொன்னேன். டாக்டர், ஜுரம், பால், படிப்பு. எனக்கே காதில் விழவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சொம்பை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். மடியில் இருந்த குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, “வேண்டாம் அக்கா” என்றாள்.